கல் பொறுக்கும் கண்

முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கியிருக்கிறீர்களா, சகோதரி? இந்தக் காலத்துப் பெண்கள் பலருக்கு அந்தச் சிரமம் இல்லை. அரிசி கல்லில்லாமல் பாக்கெட்டில் வந்துவிடுகிறது. ஆனாலும் உங்கள் அம்மாவோ மாமியாரோ பொறுக்கிப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு அரிசியாக எடுத்து, "நீ அரிசியா, கல்லா?" என்று அவர்கள் விசாரணை நடத்துவதில்லை. முறத்தை லேசாகத் தட்டுவார்கள். பார்வையை மொத்தமாக ஓட விடுவார்கள். வாயோ அடுத்த வீட்டுக் கல்யாண விஷயத்தைப் பேசிக்கொண்டிருக்கும். திடீரென்று விரல் போய் ஒரு கல்லைத் தொடும். ஆயிரம் அரிசிக்கு நடுவில் அந்த ஒன்று மட்டும் எப்படித் தெரிந்தது? அரிசி எப்படி இருக்கும் என்பது கண்ணுக்குப் பாடமாகிவிட்டது. அரிசி அல்லாதது தானாகவே தனித்துத் தெரிகிறது. அவ்வளவுதான் ரகசியம்.

ஆப்பிரிக்கக் காட்டில் சிங்கம் பார்க்கவும் இந்தக் கண்தான் வேண்டும். வேடந்தாங்கலில் நாரை பார்க்கவும் இந்தக் கண்தான் வேண்டும். இந்த வாரம் அந்தக் கண்ணைப் பற்றித்தான் உங்களோடு பேசப் போகிறேன்.

நம் ஊர்க் குடும்பங்கள் ஆப்பிரிக்காவுக்கு உல்லாசப் பிரயாணம் போய் வருவது இப்போது அதிசயமில்லை. பிள்ளைக்கு அங்கே உத்தியோகமாக இருக்கும். அல்லது பெண்ணும் மாப்பிள்ளையும் அழைத்துப் போவார்கள். தென்னாப்பிரிக்காவில் க்ரூகர் தேசியப் பூங்கா என்று ஒன்று இருக்கிறது. பூங்கா என்றதும் நம் பனகல் பார்க்கை நினைத்துக்கொள்ளாதீர்கள். அதன் பரப்பு சுமார் 19,500 சதுர கிலோமீட்டர்! நம்முடைய பழைய செங்கற்பட்டு ஜில்லாவைப் போல இரண்டு பங்குக்கு மேல். 1926-ஆம் ஆண்டு அது தேசியப் பூங்கா ஆயிற்று. 1927-ல்தான் பொதுஜனங்களின் மோட்டார்கள் உள்ளே போயின. அந்த வருஷம் முழுவதும் சேர்த்து மூன்றே மூன்று கார்கள்! இன்றோ லட்சக்கணக்கில் ஜனங்கள் போகிறார்கள். வழிகாட்டி கூட அவசியமில்லை. வாடகைக்கு ஒரு காரை எடுத்துக்கொண்டு, தாங்களே ஓட்டிக்கொண்டு காட்டைச் சுற்றி வரலாம்.

ஆனால் சட்டதிட்டங்கள் கண்டிப்பானவை. குறிப்பிட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் காரை விட்டு இறங்கக் கூடாது. தலையையோ கையையோ வெளியே நீட்டக் கூடாது. தார்ச் சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர், மண் சாலையில் 40 கிலோமீட்டர். அதற்கு மேல் ஓட்டக் கூடாது. பொழுது விடியும் வேளையில் வாசலைத் திறப்பார்கள். இருட்டுவதற்குள் விடுதிக்குத் திரும்பிவிட வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை என்ன தெரியுமா? ஒரே நாள், ஒரே சாலை. முன்னால் போன காரில் இருந்தவர்கள், "சிங்கம் பார்த்தோம், சிறுத்தை பார்த்தோம்" என்று பூரித்துப்போய்த் திரும்புவார்கள். பின்னால் போனவர்கள், "நாலு மான்தான் சார்! பணம் தண்டம்" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவார்கள். காடு இருவருக்கும் ஒன்றுதான். கண்தான் வேறு.

அதிகம் பார்க்கிறவர்கள் என்ன செய்கிறார்கள்? முதலாவது, அவர்கள் மெதுவாகப் போகிறார்கள். அனுமதித்த வேகம் 50 என்றால், அவர்கள் 20-க்கு மேல் போவதில்லை. உங்கள் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்தால் முன்னால் போகும் வண்டியை முந்தாமல் இருக்க முடியாதவரா? அப்படியானால் அன்றைக்கு நீங்களே ஓட்டுங்கள்.

இரண்டாவது, வேளை அறிந்து போகிறார்கள். சிங்கம் ஒரு நாளில் 16 மணி முதல் 20 மணி வரை படுத்துக் கிடக்கும் பிராணி. உச்சி வெயிலில் அது ஏதோ ஒரு புதர் நிழலில் புல்லோடு புல்லாகக் கிடக்கும். விடியற்காலையிலும் சாயங்காலத்திலும்தான் நடமாட்டம். ஒன்பது மணிக்குச் சாவகாசமாகப் பலகாரம் முடித்துப் புறப்படுகிறவர்களுக்குக் காடு காலியாகத்தான் தெரியும்.

மூன்றாவதுதான் முக்கியம். அவர்கள் "சிங்கம் எங்கே, சிங்கம் எங்கே" என்று தேடுவதில்லை. மரம் எப்படி இருக்கும், புல் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பாடம் ஆகிற வரையில் பொறுமையாகப் பார்த்துக்கொண்டே போகிறார்கள். மரமெல்லாம் நெட்டுக்குத்தாக நிற்கிறது. நடுவில் படுக்கை வசமாக ஒரு கோடு தெரிகிறதே, அது என்ன? ஒரு மிருகத்தின் முதுகு! புல் ஒரு பக்கமாக ஆடுகிறது. ஒரே ஒரு நுனி மட்டும் வேறு விதமாக ஆடுகிறதே? அது ஒரு காது! மரக்கிளையிலிருந்து கயிறு மாதிரி ஏதோ தொங்குகிறதே? சிறுத்தையின் வால்! முழு மிருகத்தை எதிர்பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. காதும் வாலும் முதுகும் தெரிந்தால், பிறகு மிருகம் தானே தெரிகிறது.

நாலாவது, மற்றப் பிராணிகளையே காவற்காரர்களாக வைத்துக்கொள்கிறார்கள். நாலைந்து ஒட்டைச்சிவிங்கிகள் ஒரே திசையை முறைத்துப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றால், அந்தத் திசையில் ஏதோ ஆபத்தான பேர்வழி இருக்கிறது என்று பொருள். இது நமக்குத் தெரியாத வித்தையா? நம் வீட்டுக் கொல்லையில் அணில் விடாமல் கத்தினால், தவிட்டுக்குருவிகள் கூட்டமாகச் சேர்ந்து ஆர்ப்பாட்டம் செய்தால், "பூனை வந்திருக்கிறதா, பாம்பு கீம்பு இருக்கிறதா, பாரு" என்று பாட்டி சொல்வாளே, அதேதான்.

கடைசியாக, அவர்கள் துரத்துவதில்லை. ஒரு நீர்நிலையின் அருகே காரை நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். நமீபியா தேசத்து எட்டோஷா பூங்காவில் இப்படி நீர்நிலையருகே காத்திருப்பதுதான் மிருகங்களைப் பார்க்கச் சிறந்த உபாயம். தாகம் எல்லாரையும் அங்கே கொண்டுவந்து சேர்த்துவிடும் அல்லவா?

"சரி, எங்களுக்கு ஆப்பிரிக்கா போக யோகமில்லை. உள்ளூரிலேயே ஏதாவது சொல்லுங்கள்" என்கிறீர்களா? சொல்கிறேன். நம் நாட்டுப் புலிக் காடுகளில் சொந்தக் காரில் இஷ்டப்படி சுற்ற அனுமதி கிடையாது. வனத்துறை ஏற்பாடு செய்யும் வண்டியில்தான் போக வேண்டும். முதுமலை, பந்திப்பூர் வழியாகப் போகும் நெடுஞ்சாலையில் நம் கார் போகலாம். ஆனால் நிறுத்தக் கூடாது. யானையைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ள இறங்குகிறவர்கள் உயிரோடு விளையாடுகிறார்கள்.

ஆனால் சென்னைக்காரர்களுக்குச் சொந்தக் காரிலேயே ஒரு நாளில் போய்வரக் கூடிய வட்டம் ஒன்று இருக்கிறது. செங்கற்பட்டு வழியாகப் போய் மாமல்லபுரம் கடற்கரை வழியாகத் திரும்புகிற வட்டம். சிங்கம் கிடையாது. ஆனால் கண்ணுக்கு வேலை நிறைய உண்டு.

டிசம்பர், ஜனவரி மாதத்தில் ஒரு நாள் இருட்டோடு புறப்படுங்கள். தயிர் சாதமும் புளியோதரையும் முதல் நாள் ராத்திரியே தயார் செய்துவிடலாம். ஜி.எஸ்.டி. சாலையில் செங்கற்பட்டைத் தாண்டிப் படாளத்தில் வலப்பக்கம் திரும்பினால் வேடந்தாங்கல் ஏரி. சென்னையிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியதும், தண்ணீருக்குள்ளேயே நிற்கும் நீர்க்கடம்ப மரங்களிலும் கருவேல மரங்களிலும் பறவைகள் கூடு கட்டுகின்றன. சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் பூனையும் நரியும் வர முடியாது. பக்கத்து வயல்களில் மீனும் தவளையும் நத்தையும் உண்டு. பிரசவத்துக்கு இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்?

கரை மேல் ஏறியதும் முதலில் உங்களுக்கு என்ன தெரியும்? மரமெல்லாம் வெள்ளை வெள்ளையாக ஏதோ. "எல்லாம் கொக்கு" என்று பிள்ளைகள் சொல்லிவிடும். அவசரப்படாதீர்கள். ஒரே மரத்தைப் பத்து நிமிஷம் பாருங்கள். அரிசியிலிருந்து கல் பிரிகிற மாதிரி ஒவ்வொன்றாகப் பிரிந்து வரும். மஞ்சள் அலகும் இறகின் பின்புறம் ரோஜா நிறமுமாக இருப்பது சங்குவளை நாரை. கீழ்நோக்கி அரிவாள் போல வளைந்த கறுப்பு மூக்கு அரிவாள் மூக்கனுக்கு. அலகின் நுனி அகப்பை மாதிரி அகன்றிருந்தால் கரண்டிவாயன். வாயை மூடினாலும் அலகின் நடுவில் ஒரு சந்து தெரிந்தால் நத்தைகுத்தி நாரை. நத்தையைப் பிடித்துத் தின்ன ஏற்ற அலகு அது. அலகின் கீழே பை தொங்கினால் கூழைக்கடா. தண்ணீரில் பாம்பு நீந்துகிறதே என்று பயந்தீர்களானால், கொஞ்சம் பொறுங்கள். அது முக்கால்வாசி பாம்புத்தாராவின் கழுத்து. உடம்பு தண்ணீருக்குள் இருக்கும்.

பத்துக் கிலோமீட்டர் தூரத்தில் கரிக்கிலி ஏரி இருக்கிறது. அங்கே கூடு கட்டும் பறவைகளைவிட, குளிர்காலத்துக்கு வந்து தங்கும் வாத்துகள் விசேஷம். இவ்விரண்டு ஏரிகளும் 2022-ல் ராம்சர் ஒப்பந்தப் பட்டியலில், உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன.

ஆனால் வேடந்தாங்கலுக்குப் பெருமை அந்தப் பட்டியலால் வந்ததல்ல. வேடன் தங்கிய ஊர் என்பது பெயருக்குச் சொல்லும் பொருள். அந்த ஊர் ஜனங்களோ வேட்டையையே விரட்டியவர்கள். கும்பினிக் காலத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து ஏரியில் பறவைகளைச் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். அப்போது செங்கற்பட்டுக் கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ் துரை. மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கதையில் வருகிறாரே, அதே பிளேஸ் துரைதான். "இந்த ஏரியில் யாரும் பறவையைச் சுடக் கூடாது" என்று 1798-ல் அவர் ஊருக்குக் கவுல் எழுதிக் கொடுத்தார். 1858-ல் அந்தக் கவுல் மறுபடியும் உறுதி செய்யப்பட்டது.

ஊர்க்காரர்களுக்கு இதில் லாபமும் உண்டு. பறவைகளின் எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகப் பாய்கிறது. அதற்குப் பதிலாக அவர்கள் கொடுக்கும் விலை என்ன தெரியுமா? தீபாவளிக்கு வெடி கிடையாது. சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடி ஏரியை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியிலும் இதே வழக்கம். குழந்தைகளுக்குப் புதுத் துணி உண்டு, பட்சணம் உண்டு, வெடி மட்டும் இல்லை. நம் வீட்டுப் பிள்ளையிடம் ஒரு வருஷம் அப்படிச் சொல்லிப் பாருங்கள்! தலைமுறை தலைமுறையாக ஓர் ஊர்க் குழந்தைகளே அந்த ஆசையை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்றால், அது சாமான்ய காரியமா?

ஊரார் விலை கொடுத்துக் காத்த அந்த அமைதியில்தான் நாம் போய் நிற்கிறோம். ஆகவே காரில் ஹாரன் வேண்டாம், பாட்டு வேண்டாம். பறவை எழும்பிப் பறந்தால் அழகாக இருக்குமே என்று கை தட்டுகிறவர்களைப் பார்க்கலாம். தாய்ப்பறவை பயந்து கூட்டை விட்டு எழுந்தால், அந்த நிமிஷத்துக்காகக் காக்கை காத்துக்கொண்டிருக்கிறது. முட்டையோ குஞ்சோ அதன் வாயில் போய்விடும். காக்கைக்குத் தப்பினாலும், நிழலில்லாமல் வெயில் பட்டால் இறகு முளைக்காத குஞ்சு தாங்காது. நாம் ஒரு முறை கை தட்டுவதற்கு ஓர் உயிர் விலை என்றால், அந்த வேடிக்கை நமக்கு வேண்டுமா?

வேடந்தாங்கலிலிருந்து செங்கற்பட்டுக்குத் திரும்பி மாமல்லபுரம் சாலையைப் பிடித்தால் வழியில் திருக்கழுக்குன்றம். மலை உச்சியில் நண்பகல் வேளையில் இரண்டு கழுகுகள் வந்து, குருக்கள் வைக்கும் பிரசாதத்தைச் சாப்பிட்டுப் போகும் காட்சியை உங்கள் பாட்டியோ அம்மாவோ பார்த்திருப்பார்கள். கேட்டுப் பாருங்கள். காசியிலிருந்து வருகின்றன என்று பக்தர்கள் நம்பினார்கள். உடம்பு வெளுப்பு, முகம் மஞ்சள். பறவை நூலார் அதைப் பாறு இனத்தில் சேர்க்கிறார்கள். எத்தனையோ தலைமுறைகள் பார்த்த அந்தப் பறவைகள் 1990-களுக்குப் பிறகு வருவதில்லை.

நம் தேசத்தில் பாறுக் கூட்டங்கள் மளமளவென்று அழிந்த காலம் அது. மாடுகளுக்கு வலி தீரப் போட்ட டைக்லோஃபினாக் என்ற மருந்து, அந்த மாடு செத்த பிறகு அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றது என்பது 2004-ல் வெளியாயிற்று. 2006-ல் இந்தியா அந்த மருந்தைக் கால்நடைகளுக்குக் கொடுப்பதைத் தடை செய்தது. இன்று திருக்கழுக்குன்றத்தில் ஏறினால் சாமி தரிசனம் உண்டு. கழுகு தரிசனம் இல்லை. தினமும் வந்துகொண்டிருப்பது என்றைக்கும் வரும் என்று நாம் நினைத்துவிடுகிறோம். குழந்தைகளுக்கு வேடந்தாங்கலைக் காட்டிய அன்றே இந்த மலையையும் காட்டுங்கள். சொல்லாமலே விஷயம் புரிந்துவிடும்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மாமல்லபுரம் போய்ச் சேரலாம். மிருகம் பார்க்கப் பழக வேண்டிய பிள்ளைகளுக்கு அங்கே ஒரு பிரமாதமான பள்ளிக்கூடம் இருக்கிறது: அர்ச்சுனன் தபசுப் பாறை. பல்லவர் காலத்தில், ஏழாம் நூற்றாண்டில், ஏறக்குறைய 90 அடி நீளமும் 40 அடி உயரமுமாகச் செதுக்கியது. இங்கேயும் எல்லாரும் பெரிய யானையைப் பார்த்துவிட்டு, படம் பிடித்துக்கொண்டு, இளநீருக்குப் போய்விடுகிறார்கள். நீங்கள் பிள்ளைகளைப் பாறை எதிரில் நிறுத்தி, "யார் அதிக மிருகம் கண்டுபிடிக்கிறார்கள், பார்க்கலாம்" என்று போட்டி வையுங்கள். யானைக் காலடியில் குட்டிகள் தெரியும். ஒற்றைக் காலில் நிற்கும் தவசியைப் போல ஒரு பூனை இரண்டு கைகளையும் தூக்கித் தவம் செய்யும். அதை நம்பிய எலிகள் சுற்றி விளையாடும். பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொள்ளும் மான் ஒன்றும் உண்டு. அதைப் பார்த்ததும் உங்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். மாமல்லபுரத்திலேயே தனியாக ஒரு குரங்குக் குடும்பச் சிலையும் இருக்கிறது. மனைவிக்குப் பேன் பார்க்கிற கணவனைக் காண வேண்டுமானால் அங்கே காணலாம்! இந்தச் சிற்பிகள் அரண்மனையில் உட்கார்ந்து கற்பனை செய்தவர்கள் அல்ல. மான் மூக்கைச் சொறிவதை அசையாமல் இருந்து பார்த்த கண்தான் அந்தக் கல்லைச் செதுக்கியிருக்கிறது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே திரும்பினால் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை. ராமுலஸ் விட்டேக்கரும் அவர் துணைவியார் ஜாயும் 1976-ல் தொடங்கியது. முதலைகள் மணிக்கணக்கில் அசையாமல், சில சமயம் வாயைத் திறந்தபடியே கிடக்கும். சூரிய வெப்பத்தால் உடம்புச் சூட்டைச் சமாளிக்கிற பிராணி அது, வீணாக அசைவதில்லை. "பொம்மையோ?" என்று கல்லை விட்டெறிகிற மகானுபாவர்களும் உண்டு. உங்கள் பிள்ளையின் கையில் கல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதில் பச்சைத் தண்ணீருக்கு மேல் தெரியும் கண்களை எண்ணச் சொல்லுங்கள். முதலில் மூன்று என்பான். ஐந்து நிமிஷம் கழித்துப் பத்து என்பான்.

அந்தப் பண்ணையிலேயே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்பு விஷம் எடுக்கும் இடமும் இருக்கிறது. மிருகம் காணும் வித்தையில் உலகத்துக்கே வாத்தியார்கள் யார் என்று என்னைக் கேட்டால், இவர்களைத்தான் சொல்வேன்.

முன்னே இருளர்கள் தோல் வியாபாரத்துக்காகப் பாம்பு பிடித்தார்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, பிறகு தோல் ஏற்றுமதியும் நின்றது, பிழைப்புப் போயிற்று. 1978-ல் சங்கம் தொடங்கி, பாம்பைக் கொல்லாமல் விஷத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, சில வாரங்களில் காட்டிலேயே திருப்பி விட்டுவிடும் தொழிலுக்கு மாறினார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் விஷத்திலிருந்துதான் நம் ஆஸ்பத்திரிகளில் போடும் விஷமுறிவு மருந்து தயாராகிறது. இந்தியாவில் வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக் கடியால் இறக்கிறார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் 2020-ல் கணக்கிட்டிருக்கிறார்கள். மருந்து கிடைத்துப் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர், முகம் தெரியாத ஓர் இருளரின் கண்ணுக்குக் கடன்பட்டவர்கள். பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை அதிகம் அசைய விடாமல் உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இது எல்லா வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டியது.

2017 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபுளோரிடா ராஜ்யத்திலிருந்து நம் செங்கற்பட்டு இருளர்களுக்கு அழைப்பு வந்தது. அங்கே ஜனங்கள் செல்லமாக வளர்த்து வெளியே விட்ட பர்மிய மலைப்பாம்புகள் சதுப்புக் காட்டில் பெருகி, மற்றப் பிராணிகளை விழுங்கித் தீர்த்துக்கொண்டிருந்தன. அந்த ஊர்க்காரர்கள் வண்டிகளில் ஏறி, சாலையோரமும் கரையோரமும் பாம்பு வெயில் காய வருகிறதா என்று தேடிக்கொண்டிருந்தார்கள். மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற நம் இருவர் போய் இறங்கினார்கள். சாலையை விட்டு நேரே அடர்ந்த புதருக்குள் நடந்தார்கள். அந்த மண்ணும் புதிது, மலைப்பாம்பு வகையும் புதிது. ஆனாலும் மூன்று வாரம் ஆவதற்குள் 13 பாம்புகள்! அதில் ஒன்று 16 அடி நீளம்! 2023-ல் இந்திய அரசாங்கம் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அளித்துக் கௌரவித்தது.

அவர்கள் தேடுவது பாம்பை அல்ல, பாம்பின் அடையாளத்தை. பாம்பு வளைந்து போகும்போது ஒவ்வொரு வளைவிலும் மண்ணைப் பின்னால் தள்ளுகிறது. மண் குவிந்த பக்கத்தைக் கொண்டு அது எந்தத் திசையில் போயிற்று என்று சொல்லிவிடலாம். சட்டை உரித்த தோலில் ஈரம் இருந்தால் பாம்பு அருகில்தான் இருக்கிறது. வளை வாயில் சிலந்தி வலை கிழியாமல் இருந்தால் சமீபத்தில் யாரும் உள்ளே போகவில்லை. எழுத்துக் கூட்டி வாசிப்பது மாதிரி மண்ணை வாசிக்கிறார்கள். இவர்களைப் பார்த்துவிட்டு நாம் போய்ப் பாம்பைத் தேடக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வாசிக்கிற வித்தையை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

அந்த வித்தைக்கு இந்தக் கடற்கரையிலேயே ஆபத்தில்லாத பாடம் ஒன்று உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரையில் பங்குனி ஆமைகள் ராத்திரியில் கரையேறி மணலில் குழி பறித்து, நூறு, நூற்றிருபது முட்டை இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்புகின்றன. அதிகாலையில் போனால் ஆமை இருக்காது. ஆனால் டிராக்டர் சக்கரம் போன மாதிரி மணலில் தடம் இருக்கும்: மேலே வந்த தடம் ஒன்று, இறங்கிப் போன தடம் ஒன்று. அந்தத் தடத்தைப் பார்த்தாலே உடம்பு சிலிர்க்கும். தோண்டாமல், மிதிக்காமல் வந்துவிடுங்கள். 1988 முதல் சென்னையில் மாணவர்கள் ராத்திரி ராத்திரியாகக் கடற்கரையில் நடந்து, இந்தத் தடங்களைக் கண்டுபிடித்து, முட்டைகளைக் காப்பாற்றிக் குஞ்சுகளைக் கடலில் விட்டு வருகிறார்கள். குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்து ஓடும். கடல் மேல் வானம் வெளுப்பாக இருப்பதால் அதுதான் வழி என்று தெரிந்துகொள்ளும். கரையில் பங்களா விளக்கு பளிச்சென்று எரிந்தால் பாவம், சாலைப் பக்கம் ஓடிச் சாகின்றன. 2025 ஜனவரியில் சென்னை, செங்கற்பட்டுக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான பெரிய ஆமைகள் செத்து ஒதுங்கின. அடியில் இழுத்துப் போகும் வலைகளில் சிக்கினால், மூச்சு விட மேலே வர முடியாமல் அவை மூழ்கிவிடுகின்றன. கடற்கரை விடுதியில் தங்கினால், ராத்திரி கடலைப் பார்த்த விளக்கை அணைத்துவிடுங்கள். அவ்வளவு சின்னக் காரியம்தான்.

புறப்படும்போது நாலு சாமான்கள் போதும், சகோதரி: குடிக்கத் தண்ணீர், கட்டுச் சாதம், வீட்டில் இருந்தால் ஒரு பைனாகுலர், பிள்ளைக்கு ஒரு நோட்டுப் புத்தகம். பளபளவென்ற வர்ணச் சேலை வேண்டாம்; மண் நிறத்தில் ஏதாவது உடுத்துங்கள். பெயர் தெரியாத பறவையானால், மூக்கு எப்படி, கால் எப்படி, என்ன செய்துகொண்டிருந்தது என்று பிள்ளை எழுதட்டும். பெயரை வீட்டுக்கு வந்து தேடிக்கொள்ளலாம். இலையும் பொட்டலமும் திரும்பக் காரிலேயே வரட்டும்.

முதல் தடவை ஐந்து பறவைக்கு மேல் அடையாளம் தெரியாவிட்டால் வருத்தப்படாதீர்கள். முறத்தில் முதல் நாளே யாருக்கும் கல் தெரிந்துவிடவில்லை. அடுத்த மழைக்காலத்துக்குப் பிறகும் போய் வாருங்கள். ஏரியில் தண்ணீர் இருந்தால் அவையும் வந்திருக்கும். போன வருஷம் பார்த்த மரம் இது, கூடு இது என்று உங்கள் பிள்ளை விரல் நீட்டிக் காட்டுவான் பாருங்கள், அன்றைக்கு அந்த ஏரிக்குக் காவலாக இன்னும் ஓர் ஆள் சேர்ந்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளலாம்.